பாரி வேட்டையில் நடு ஆள்

என் சம்சாரம் ஓர் ஐப்பசியில் காய்ச்சலில் போனாள். அதற்கடுத்த தையில் என் வீட்டிலிருந்தும் அவள் அண்ணன் வீட்டிலிருந்தும் யாரும் பாரி வேட்டைக்குப் போகவில்லை. துக்க வருஷம். அதற்கும் அடுத்த தையில் போனோம். அந்த மூன்று நாளைப் பற்றித்தான் இது.

நான் கெங்கவல்லிப் பக்கத்துக்காரன். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு நாழிகை நடந்தால் கரட்டுக் குன்றின் அடியில் ஓர் ஊர். அந்த ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் ஊரில் நாங்கள் அண்ணன் தம்பி ஐந்து பேர். இருந்த மானாவாரிக் காடு ஐந்து பேருக்குப் பற்றாது. இங்கே மாமனாருக்கு ஒரு மகன், ஒரு மகள். எருது கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க இன்னோர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் பெண் கொடுத்தார்கள். மாமனார் இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். அப்புறம் மச்சானும் நானும்தான்.

மச்சான் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நல்ல உயரம். பெரிய தொண்டை. கிணற்று மேட்டில் நின்று பேசினால் கரட்டில் ஆடு மேய்ப்பவனுக்குக் கேட்கும். நான் பேசமாட்டேன். பள்ளிக்கூடம் மூன்று வருஷம் போனேன். பேச்சு அங்கேயும் வரவில்லை.

பாரி வேட்டை தையில் ஊர் கூடிப் போகிற வேட்டை, மூன்று நாள். முதல் நாள் குறி அடிப்பது. இரண்டாம் நாள் கரட்டில் வேட்டை. மூன்றாம் நாள் கறிப் பங்கு. ஊரில் பெண் எடுத்த மாப்பிள்ளைகள் எல்லாம் ராசிபுரம், பேளுக்குறிச்சி, ஆத்தூர் என்று அவரவர் ஊரிலிருந்து வில்லோடு வந்து சேர்வார்கள். வில் மூங்கில் வில்தான். ஆனால் அம்பு கிடையாது. நாண் இரட்டையாக இருக்கும். நடுவில் கயிற்றில் பின்னிய சின்னத் தொட்டில். அதில் சுட்ட மண் உண்டையை வைத்து இழுத்து விட வேண்டும். உண்டை நெல்லிக்காய் அளவு. முயலின் தலையில் பட்டால் முயல் அதே இடத்தில் விழும். பழகாதவன் விட்டால் அவன் கட்டைவிரலில் படும். வந்த முதல் வருஷம் என் விரல் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கிக் கிடந்தது.

குறி அடிப்பதில் ஊர்ப் பங்காளிகள் ஒரு கட்சி, மாப்பிள்ளைகள் ஒரு கட்சி. ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் எதிரே அவனுடைய மச்சான் நிற்க வேண்டும்; கூடப் பிறந்தவன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டு மச்சான். அதுதான் முறை. ஜோடி ஜோடியாகக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு மூன்று உண்டை. உண்டை விடுவது ஒரு பங்கு, வாய் விடுவது மூன்று பங்கு. அந்த ஊரில் சாதாரண நாளில் எல்லோரும் எல்லோரையும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். குழந்தையைக்கூட ‘சொல்லுங்க சாமி’ என்பார்கள். மாமன் மச்சானுக்குள் மட்டும் மரியாதை கிடையாது. அதுவும் அந்த மூன்று நாளில் சுத்தமாகக் கிடையாது.

என்னை ‘ஊட்டு மாப்ள’ என்பார்கள்.

“மத்த மாப்ளைங்க மூணு நாளைக்குச் சோறு திங்க வாராங்க. இவன் வந்தவன் போகவே காணம்” என்பார் மச்சான். ஊரே சிரிக்கும்.

எனக்குத் திருப்பிச் சொல்ல வராது. சம்சாரம்தான் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து சொல்வாள். “எங்கண்ணன் உட்ட உண்டையில காக்கா கூடப் பறக்காது. அது பேச வந்துருச்சு.”

“கட்டிக் குடுத்தா அந்தப் பக்கம் சாஞ்சுருவாங்க பாரு” என்பார் மச்சான்.

ஒரு வருஷம் என் உண்டை குறியில் பட்டதா இல்லையா என்று தகராறு வந்தது. மச்சான் உச்சிப்பொழுது வரை என்னோடு மல்லுக்கட்டினார். என் துண்டைப் பிடித்து ஏரிச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். எழுந்து வந்து ஒரே தூக்குப்போசியில் மோர் குடித்தோம். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

அவள் போன பிறகு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

உடனே தெரியவில்லை. துக்க வீட்டில் யார் கேலி பேசுவார்கள். ஆறு மாதம் கழிந்தது. வருஷம் கழிந்தது. அப்போதுதான் பட்டது. மச்சான் கிணற்று மேட்டில் கத்துவது நின்றுவிட்டது. “கீழ்ப்பாத்தி பாஞ்சுருச்சுங்க” என்பார். “எருது தண்ணி குடிச்சுதுங்களா?” என்பார். அக்கா, அதாவது மச்சான் பெண்டாட்டி, மூன்று வேளையும் சோறு கொடுத்துவிட்டார்கள். ஒரு வேளையும் தவறியதில்லை. முன்பெல்லாம் வீட்டுக்குள் கூப்பிட்டு, “இந்த வாயில்லாத மனுசனுக்குச் சோறாவது ஊட்டமாப் போடோணும்” என்று சொல்லிப் போடுவார்கள். இப்போது சட்டி மேல் தட்டம் மூடிக் காட்டுக்கு வரும். நான் காட்டில் இருந்த கூரைச் சாளையிலேயே படுத்துக்கொண்டேன். ஊர் வீட்டில் எனக்கு என்ன வேலை.

எந்தக் குறையும் இல்லை. யாரும் முகம் சுளித்ததில்லை. தப்பு என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

தை வந்தது. வேட்டைக்கு உண்டை வேண்டும். உண்டை அந்தந்த வீட்டுப் பெண்கள் உருட்டுவது. புற்று மண்ணைச் சலித்து, ஊறவைத்து, உருட்டி, நிழலில் காயப்போட்டு, அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுடுவார்கள். சிவப்பாக இருக்கும். எனக்கு உருட்ட ஆளில்லை. நானே உருட்டினேன்.

அக்கா சோறு கொண்டுவந்த இடத்தில் அதைப் பார்த்தார்கள். “உங்களுக்கும் சேத்து நானே உருட்டட்டுங்களா?” என்று கேட்டார்கள்.

“நீங்க உருட்டறது பங்காளிக் கட்சிக்கு. நான் எதிர்க்கட்சியாச்சே” என்றேன். எனக்குத் தெரிந்த கேலி அவ்வளவுதான்.

அவர்கள் சிரிக்கவில்லை. தட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எண்பது உருட்டினேன். சூடு அதிகமாகிப் பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. முப்பது தேறியது. அதைப் பையில் போட்டுக்கொண்டேன். என் மனதில் ஒன்றுதான் ஓடியது. என்னை எந்தப் பக்கம் கூப்பிடுவார்கள். சம்சாரம் இல்லை. பிள்ளை இல்லை. கட்டிக்கொள்ளக் கொழுந்தியாளும் இல்லை. அப்படியானால் அந்த ஊருக்கு நான் யார்? மாப்பிள்ளைகளோடு கூப்பிட்டுவிட்டால் மாப்பிள்ளை. இருக்கலாம். கூப்பிடாவிட்டால் நான் கூலி வாங்காத பண்ணையாள். போக வேண்டியதுதான். போவதற்கு இடம் இல்லை.

குறி அடிப்பது ஏரி உள்வாயில். தண்ணீர் வற்றிய இடம் தரையாகக் கிடக்கும். ஓரத்தில் ஒரு வேலாமரம். அதன் கிளையில் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். உண்டை பட்டால் வெள்ளையில் சிவப்பாகத் தடம் விழும். பட்டதும் மறுபடி பூசுவார்கள். காற்றிலேயே குடுக்கை ஆடும் என்பதால், ஆடியதை வைத்துச் சொல்ல முடியாது. தடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு மரத்தடியில் ஒருவர் நிற்பார். நடு ஆள். எந்தக் கட்சியும் இல்லாதவர்.

தோற்ற கட்சி மறுநாள் வேட்டையில் வலையும் தண்ணீர்ப் பானையும் சுமக்க வேண்டும். கடைசி உண்டையைத் தப்பவிட்டவன் அந்தக் குடுக்கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிய வேண்டும். இரண்டு கட்சியும் சமமாக வந்தால் மாப்பிள்ளைகள் ஜெயித்ததாகச் சொல்லிவிடுவார்கள். விருந்துக்கு வந்தவர்கள் என்று ஒரு மரியாதை.

காலையில் நான் மாப்பிள்ளைகளோடு போய் நின்றேன். ராசிபுரத்து மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். நல்ல தொந்தி. வெற்றிலை வாய். அவர் எல்லோரையும் இடித்துக்கொண்டு நின்றவர் எனக்கு நகர்ந்து இடம் விட்டார்.

ஊர்க் காரியம் பார்க்கிற கொத்துக்காரர் ஜோடிகளைக் கூப்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதாக மச்சானைக் கூப்பிட்டார். நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். எதிரே ஆத்தூர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். வைத்த காலைப் பின்னால் எடுத்தேன். யாராவது பார்த்தார்களா என்று தெரியாது. மச்சான் வில்லின் நாணைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா ஜோடியையும் கூப்பிட்டு முடித்தார். அப்புறம் கொத்துக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“போன வருசம் வரைக்கும் நின்னவருக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. இந்த வருசம் நீங்க நடுவுல நில்லுங்க சாமி. ரெண்டு பக்கத்துக்கும் வேண்டியவரு. உங்க சொல்லுக்கு ஆரும் மறுசொல் சொல்ல மாட்டாங்க.”

“ஆமாங்க, அதுதான் சரிங்க” என்று இரண்டு கட்சியும் சொன்னது. ராசிபுரத்து மாப்பிள்ளை துண்டை எடுத்து என் தோளில் போட்டார். அது பெரிய மரியாதை. அந்த ஊரில் பிறந்து நரைத்தவர்களுக்குக் கொடுக்கிற இடம். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

வில்லைச் சுற்றியிருந்த துணியோடு தரையில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனேன்.

வில் விடுகிற கோட்டிலிருந்து மரம் அறுபது தப்படி. அங்கிருந்து பார்த்தால் கூட்டம் தெரியும். சிரிப்புக் கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது. மச்சானின் தொண்டை மட்டும் சில சமயம் முழுசாக வந்தது.

“ஏப்பா ராசிபொரம், தொப்பையை அக்கட்டால வெச்சுட்டு வந்து நில்லு. நாண் மாட்டுது!”

“உன்ற தங்கச்சி ஆக்கிப் போட்டதுதான்டா இது. அவளைக் கேளு!”

நான் உண்டை வரும்போது மரத்தின் பின்னால் ஒதுங்குவேன். விட்டதும் வந்து குடுக்கையைத் திருப்பிப் பார்ப்பேன். தடம் இருந்தால் துண்டைத் தூக்கிக் காட்டுவேன். இல்லாவிட்டால் கையை ஆட்டுவேன். நார் மட்டையால் சுண்ணாம்பு பூசுவேன். மறுபடி ஒதுங்குவேன். கைகள் முழங்கை வரை வெள்ளை. இடுப்பில் என் உண்டைப் பை இருந்தது. அவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன்.

அன்று முழுக்க நேர்மையாகத்தான் சொன்னேன். கடைசி உண்டைக்கு வரும்போது இரண்டு கட்சிக்கும் பதினொன்று பதினொன்று. கடைசி உண்டை மச்சானுடையது. தன் மூன்றாவது உண்டையை எல்லோரும் விட்ட பிறகு விடுகிறேன் என்று அவரே கடைசிக்கு வைத்துக்கொண்டார். பட்டால் பங்காளிகள் ஜெயிப்பு. படாவிட்டால் சமம், அதாவது மாப்பிள்ளைகள் ஜெயிப்பு.

மச்சான் விட்டார். குடுக்கை லேசாக ஆடியது. காற்றும் இருந்தது.

நான் வந்து பார்த்தேன். கூட்டத்துக்குத் தெரியாத பக்கத்தில், குடுக்கையின் விளிம்பில், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. உரசிக்கொண்டு போயிருக்கிறது. உரசினாலும் பட்டதுதான்.

கட்டைவிரலால் அதைத் துடைத்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. துடைத்த இடம் மூடிக்கொண்டது. கையை ஆட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று தெரிந்துதான் செய்தேன். மச்சானுக்குத் தன் உண்டை பட்டது தெரியும். வில் விடுகிறவனுக்குக் கையிலேயே தெரிந்துவிடும். இல்லை என்று நான் சொன்னால் ஓடி வருவார். அறுபது தப்படியும் கத்திக்கொண்டே வருவார். ‘கண்ணு என்ன முதுகுலயா இருக்குது, ஊட்டு மாப்ள?’ என்பார். துண்டைப் பிடிப்பார். அடித்தாலும் சரி என்று நின்றேன்.

மச்சான் வந்தார். நடந்து வந்தார். பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு பங்காளி, “நல்லாப் பாருங்க, ஆடுச்சே!” என்றார். மச்சான் அவரைக் கையால் தடுத்தார். குடுக்கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவங்க சொன்னாச் சரிதாங்க. படலை.”

மாப்பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ராசிபுரத்து மாப்பிள்ளை குடுக்கையை அறுத்து மச்சான் கழுத்தில் கட்டினார். “மச்சானுக்கு இந்த வருசம் நல்ல சங்கிலி! எத்தன பவுனுங்கோ?” என்றார். மச்சானும் தொண்டை திறந்து சிரித்தார். “உங்கொப்பன் போட்டதைவிட ஒரு பவுன் கூடத்தான்டா” என்றார். எல்லோரும் போனார்கள். நான் சுண்ணாம்புச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியக் கரட்டுக்குப் போனோம். சர்க்கார் காடு மேலே. எல்லைக் கல்லுக்குக் கீழேதான் எங்களுக்கு. சங்கம்புதரும் கள்ளியும் பாறையுமாகக் கிடக்கும். ஒரு கூட்டம் மேலிருந்து தப்பட்டை அடித்துக் கலைத்துக்கொண்டு வரும். ஓடைகளில் வலை கட்டி மற்றவர்கள் வில்லோடு நிற்பார்கள். முதல் முயலை அடித்தவனுக்கு அதன் தலை. அதற்கும் போட்டிதான்.

மச்சான் வலையைத் தலையில் சுமந்து வந்தார். கழுத்தில் குடுக்கை. பாறை ஏறும்போது அது நெஞ்சில் இடித்தது. அவர் அதைத் திருப்பி முதுகுப் பக்கம் விட்டார். இறங்கும்போது அது மறுபடி முன்னால் வந்தது. வழியெல்லாம் மாப்பிள்ளைகள் விடவில்லை.

“குடுக்கைக்காரரே, தண்ணி!”

“குடுக்கைக்காரரே, முள்ளு இருக்குது, என்னையத் தூக்கிக்கறீங்களா?”

“ஏறிக்கடா, உன்னையும் உன்ற தொப்பையையும் ரெண்டு தடவையாத்தான் தூக்கோணும்.”

நான் பின்னால் நடந்தேன். துடைத்த இடம் வெயிலில் காய்ந்து மற்ற இடத்தைவிட மங்கலாக இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்தேன்.

நடு ஆளுக்கு மறுநாள் வில் எடுக்கத் தடையில்லை. கொத்துக்காரர் ஆட்களை ஓடைக்கு ஓடை நிறுத்தினார். வலைக்காரர் ஒருவருக்கு வில்காரர் ஒருவர். என்னையும் மச்சானையும் ஒரே ஓடையில் விட்டார். வலையைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். தப்பட்டைச் சத்தம் தூரத்தில் கேட்டது. வர நேரமாகும்.

“மச்சான், அது பட்டுது” என்றேன்.

“தெரியுங்க.”

“நான் தொடச்சுட்டேன்.”

“அதுந் தெரியுங்க. கையெல்லாம் வெள்ளையா இருந்துது. கட்டவெரல் மட்டும் செவப்பா இருந்துது.”

நான் பையிலிருந்து ஓர் உண்டையை எடுத்து விரலில் உருட்டினேன்.

“அப்பறம் ஏன் கேக்கலை?”

மச்சான் குடுக்கையைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பேச்சு வராமல் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கேட்டா என்னங்க ஆகும்? நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. நான் இன்னொண்ணு எச்சாச் சொல்லிப்போடுவேன். எனக்கு வாய் அப்பிடி. மின்னெல்லாம் எத்தனை பேசுனாலும் ராத்திரிக்குள்ள தங்கச்சி வந்து அவுத்து உட்டுரும். அந்தப் பக்கம் உங்களைத் திட்டும், இந்தப் பக்கம் என்னைத் திட்டும். சரியாப் போயிரும். இப்ப நான் ஒரு வார்த்த பேசி, நீங்க துண்டை ஒதறிப் போட்டுட்டுக் கெழக்க உங்கூருக்கே போயிட்டீங்கன்னா? ஆரு வந்து கூப்புடறது? எந்த மொறைல கூப்புடறது?”

ஒன்றே கால் வருஷமாக அவர் எனக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. நான் போய்விடுவேன் என்று அவருக்குப் பயம். என்னை வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்று எனக்குப் பயம். இரண்டு பயமும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

“நாளைக்குப் பங்கு வெக்கும்போது எல்லார்த்துகிட்டயும் சொல்லிர்றேன். நீங்க செயிச்சீங்கன்னு” என்றேன்.

“சொல்லாதீங்க” என்றார் உடனே. “சொன்னா அந்த நடு எடத்துலயும் உங்களை நிறுத்த மாட்டாங்க. அப்பறம் எங்க நிக்கறது? மாப்ள வரிசைல கூப்புடறதுன்னா எதுக்க ஒரு மச்சான் நிக்கோணும். கூப்புடுங்கன்னுதான் மொதல்ல கொத்துக்காரர்கிட்டச் சொன்னேன். பொண்ணு இல்லாம மாப்ள ஏது, நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான்னுட்டாரு. அப்பறம்தான் நடுவுல நிறுத்துங்கன்னு கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. அது ஒண்ணுதாங்க இருக்குது.”

அப்போது ஒரு முயல் வந்தது. தப்பட்டைக்கு முன்னால் தனியாக வந்துவிட்டது. வலைக்கு முன்னால் நின்று காதைத் தூக்கியது. பத்துத் தப்படிதான். வில் என் மடியில் கிடந்தது. நான் எடுப்பதற்குள் அது வலையைத் தாண்டிக் குதித்துக் கீழே கள்ளிக்குள் போய்விட்டது.

மேல் பாறையிலிருந்து ராசிபுரத்து மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

“அடேய் குடுக்கை! மொசலுக்கு வழி உட்டுட்டு ஒக்காந்திருக்கறயா? இறங்கிப் போயி அதுக்குப் பொண்ணுங் கட்டிக் குடு!”

வலை கட்டியவன் மச்சான். வில் வைத்திருந்தவன் நான். விட்டவன் நான்தான். திட்டு மச்சானுக்கு. என்னைப் பார்த்து ராசிபுரத்துக்காரர் கும்பிடு போட்டார்.

“கேட்டீங்களா?” என்று நான் மச்சானிடம் சொன்னேன்.

“கேட்டேங்க” என்றார்.

அன்று ஏழு முயலும் கொஞ்சம் கவுதாரியும் கிடைத்தன. தலைக்கறியை ஆத்தூர் மாப்பிள்ளை ஜெயித்தார்.

மூன்றாம் நாள் கோவில் முன்னால் பங்கு. கறியை வெட்டிக் கூறு வைப்பார்கள். பங்காளிகள் கூறுகளை எடுத்து மாப்பிள்ளைகள் விரித்த துண்டில் வீச வேண்டும். வீசும்போது ஒன்று சொல்ல வேண்டும். ‘மூணு நாள் தின்னது பத்தாதுன்னு கட்டிக்கிட்டும் போறயா’ என்று. வாங்குகிறவனும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றும் பிடிக்காத வேட்டை நாய்க்கும் ஒரு கூறு உண்டு. அதையும் வைதுகொண்டேதான் போடுவார்கள்.

நான் எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். மச்சான் தடுத்தும் மனசு ஆறவில்லை. சொன்னால் ஊர் முழுக்க என்னை வையும். வையட்டும். ஒரு நாளாவது வைவார்கள். அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்தேன். அப்புறம் கிழக்கே போக வேண்டும். ஐந்து பேருக்குப் பற்றாத காட்டுக்கு ஐந்தாவது பங்காளியாகப் போய் நிற்க வேண்டும்.

கொத்துக்காரர் முதல் கூறை எடுத்தார். தேக்கிலையில் வைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “நடுவுல நின்னவருக்கு” என்றார். கூட்டம் அமைதியாக இருந்தது. மச்சான் அந்தப் பக்கம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வீசத் தொடங்கினார்கள். சத்தம் வேப்பமரக் காக்காய்களை எழுப்பிவிட்டது. நான் இலையை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்து, மிளகாய் அரைத்து, நானே குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு அது அதிகம். மிச்சத்தை மறுநாளும் சாப்பிட்டேன்.

நான் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. மச்சானும் நானும் ஒரே கிணற்றில் இறைத்தோம். என்னைக் கட்டாயப்படுத்தி வேறு பெண் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு பெண் கட்டினால் வேறு ஊர் மாப்பிள்ளை ஆகிவிடுவேன். தை வந்தால் துண்டைப் போட்டு மரத்தடியில் நிறுத்துவார்கள். பன்னிரண்டு வருஷம் நின்றேன். ஒரு தடத்தையும் மறுபடி துடைக்கவில்லை. என் கண்ணுக்கு ஊரில் பேர் இருந்தது. பக்கத்து ஊர் வரப்புத் தகராறுக்குக்கூட வந்து கூட்டிப் போனார்கள். நான் பேசாமல் நிற்பேன். அதனாலேயே என் சொல் எடுபட்டது.

பன்னிரண்டாவது வருஷம், யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காத தை. மச்சான் மகளை அந்த ஆவணியில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டைக் கடையில் வேலை பார்க்கிற பையன். டவுன்காரன். வில் பிடிக்க அதற்கு முந்தின ஒரு மாதத்தில்தான் பழகியிருந்தான். அவன் விட்ட உண்டை குடுக்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. கையை ஆட்டினேன்.

அவன் கோட்டைத் தாண்டி ஓடி வந்தான். அறுபது தப்படியும் கத்திக்கொண்டே வந்தான்.

“யோவ் பெருசு! கண்ணு அவிஞ்சு போச்சா? ஆடுச்சேய்யா! எத்தனை முட்டை லஞ்சம் வாங்குன அந்தப் பக்கத்துல?”

வந்து என் துண்டைப் பிடித்துவிட்டான்.

நான் நின்றேன். துண்டை அவன் கையிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. வாயில் வந்துவிட்டது. ‘மூட்டை தூக்கறவனுக்கு வில் எதுக்குடா’ என்று சொல்ல வேண்டும். பதினாறு பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கே ஒரு பதில் வந்தது.

சொல்வதற்குள் ஊர் ஓடி வந்துவிட்டது. மச்சான்தான் முன்னால் வந்தார். மருமகன் கையைத் தட்டிவிட்டார்.

“உடுங்க! ஆருன்னு நெனச்சீங்க? அவரு ஆருன்னு தெரியுமா?” என்றார். மேலே சொல்ல வாயைத் திறந்தார். என்ன முறை சொல்வது என்று தேடினார். பெரிய தொண்டைக்காரர் அப்படியே நின்றார். அப்புறம், “அவரு எங்கூர்ல நடுவுல நிக்கறவரு” என்றார்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. ராசிபுரத்து மாப்பிள்ளை, இப்போது நரைத்துவிட்டார், அவன் காதில் ஏதோ சொன்னார். பையன் குனிந்து என் காலைத் தொட வந்தான். நான் தடுத்தேன்.

“தெரியாமப் பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க” என்றான்.

“அதனால என்ன சாமி. வெளையாட்டுத்தான்” என்றேன்.

இன்னொரு தடவை கத்து என்று அவனிடம் எப்படிச் சொல்வது. கைகூப்பிக்கொண்டே பின்னால் நடந்து தன் வரிசைக்குப் போனான். எல்லோரும் போனார்கள். மச்சான் சற்று நேரம் நின்றார். பிறகு அவரும் போனார்.

அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்கள். நான் துண்டைச் சரி செய்துகொண்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.